கன்சல்டிங் வேலையில் நான் நானாக இருக்கலாமா? நெல்லைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம், கோவில்பட்டிப் பக்கமிருந்து போய்ச் சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் பலர். நானும் அந்தத் தொழிலில் இருப்பவள் என்பதால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்கிறார்கள், இரவு பதினொரு மணிக்கு மேல் தொலைபேசியில் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. ஆகவே, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேலையில் முதல் மூன்று ஆண்டுகளில் இருப்பவர்களுக்காக எழுதியது. நிறுவனத்தின் பங்குதாரராகவே உயர்ந்து பார்ட்னர் ஆனவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அக்கா, முதலில் இது என்ன வேலை என்று சொல்லுங்கள். வீட்டில் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒரு நிறுவனத்துக்குத் தானே விடை காண முடியாத கேள்வி ஒன்று இருக்கும். செலவு ஏன் ஏறுகிறது, புதிய ஆலையை எங்கே தொடங்குவது, இரண்டு பிரிவுகளை இணைப்பதா வேண்டாமா என்பதுபோல. அதற்காக வெளியிலிருந்து ஒரு சிறு குழு வந்து சில வாரங்களோ சில மாதங்களோ உட்காரும். கணக்கைப் பார்க்கும், ஆட்களைச் சந்தித்துப் பேசும், கடைசியில் 'இதைச் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகும். தொழில் பழையதுதான். ஆர்தர் டி. லிட்டில் 1886-இலும் மெக்கின்சி 1926-இலும் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனங்கள். 'கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்த்து யோசனை சொல்கிற வேலை' என்றால் ஆச்சிக்குப் புரியும். 'ஆடிட்டரா?' என்று திருப்பிக் கேட்பார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவிடுங்கள். பண்டிகை நாளில் விளக்கவுரை வேண்டாம்.

முதல் ஆண்டுகளில் உங்கள் பங்கு எக்செல், ஸ்லைடு, நேர்காணல் குறிப்பு. ஆனால் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஆலை மேலாளரிடம் 'உங்கள் ஆலையில் இந்த இடம் சரியில்லை' என்று காட்டப்போகும் ஸ்லைடை, இருபத்து மூன்று வயதில் நீங்கள்தான் தயாரிக்கிறீர்கள். 'இதைச் சொல்ல நான் யார்?' என்ற எண்ணம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். கீழே உள்ள சந்தேகங்களில் பாதி அங்கிருந்து கிளைத்தவை.

'நீ நீயாக இரு' என்று பயிற்சியில் சொல்கிறார்கள். அடுத்த வகுப்பிலேயே எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கை குலுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். ஒவ்வொருவரிடமும் நடை ஒன்று, வாக்கு ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. உட்காருவது, பேசும் வேகம், உடை, மின்னஞ்சலின் முதல் வரி, கூட்டத்தில் எப்போது வாய் திறப்பது, இதெல்லாம் நடை. அது இடத்துக்கு இடம் மாறும். தாத்தா முன்னால் பேசுவதுபோலக் கல்லூரி விடுதியில் யாரும் பேசியதில்லை. அதனால் நாம் யாரும் போலி ஆகிவிடவில்லை. மனிதர்கள் எல்லாருமே இடத்துக்கேற்ற வேடம் கட்டித்தான் பழகுகிறார்கள் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950-களிலேயே விரிவாக எழுதிவிட்டார்.

வாக்கு என்று நான் சொல்வது வேறு. நீங்கள் கொடுக்கும் எண், நீங்கள் பார்த்ததாகச் சொல்லும் காட்சி, 'இது எனக்குத் தெரியும், இது தெரியாது' என்ற ஒப்புதல், ஒருவருக்குக் கொடுத்த உறுதி. இந்தத் தொழிலில் விற்கப்படும் சரக்கே அதுதான். நடையில் எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள். வாக்கில் ஒரு பிசகு வந்தால் அதற்குப் பிறகு கோட்டும் ஆங்கிலமும் உதவாது. நான் பார்த்தவரை இளைஞர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். உச்சரிப்புக்காக ஒரு மாதம் கவலைப்படுகிறார்கள், சரிபார்க்காத எண்ணை ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள்.

என் ஆங்கிலத்தில் திருநெல்வேலி வாடை அடிக்கிறது. மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா?

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிப் பெருமைப்படும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் இவ்வளவு வருவது வேடிக்கைதான். வாடை இருக்கட்டும், அது யாரையும் கெடுக்காது. கவனிக்க வேண்டியது வேகம். நம் பக்கத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுவோம். தொலைபேசிக் கூட்டத்தில் புனேயில் இருப்பவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். வாக்கியத்தை முடியுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், எண்களை இருமுறை சொல்லுங்கள். மூக்கால் பேசும் அமெரிக்க உச்சரிப்பை மட்டும் கடன் வாங்காதீர்கள். கோபம் வந்த முதல் நாளே அது கழன்று விழுந்துவிடும்.

மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள். நாக்கு எழும்பவில்லை. 'சார்' என்றால் சிரிக்கிறார்கள்.

அலுவலகத்துக்குள் பெயரைச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். இது நடையைச் சேர்ந்தது. மரியாதை குறைந்துவிடாது. ஆனால் வாடிக்கையாளர் இடத்துக்குப் போனால் அங்குள்ள வழக்கம்தான் சட்டம். சிவகாசியில் ஆலை முதலாளியைப் பெயர் சொல்லி அழைத்தால் அது சமத்துவமாக அவருக்குத் தோன்றாது, வளர்ப்பைப் பற்றிய கேள்வியாகத்தான் தோன்றும்.

ஊரில் கோயில் கொடை வருகிறது. விடுப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. 'குடும்ப நிகழ்ச்சி' என்று பொதுவாகச் சொல்லிவிடவா?

கொடை என்றே சொல்லுங்கள். 'எங்கள் குலதெய்வத்துக்கு ஆண்டுத் திருவிழா, செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் ஊரில் இருக்க வேண்டும்' என்றால் யாருக்கும் புரியும். தீபாவளிக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போகிறவர்கள்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். மழுப்பினால்தான் ஏதோ மறைப்பதுபோல் இருக்கும்.

வெட்கத்தைவிடத் தேதிதான் முக்கியம். பந்தக்கால் நடும் கால்நாட்டு முடிந்து நாள் தெரிந்தவுடன் சொல்லிவிடுங்கள். இறுதி அறிக்கை வாரத்தில் போய் நின்றால் சுடலைமாடனே வந்து சொன்னாலும் விடுப்புக் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை விருந்துகளில் எல்லாரும் குடிக்கிறார்கள். நான் குடிப்பதில்லை, அசைவமும் சாப்பிடுவதில்லை. ஒட்டாதவன் என்று ஒதுக்கிவிடுவார்களா?

கையில் ஒரு எலுமிச்சை சோடாவோடு நில்லுங்கள். காரணம் கேட்டால் 'பழக்கமில்லை', அதோடு சரி. விளக்கம் நீண்டால் அது பிரசங்கம் ஆகும். பிரசங்கம் செய்பவரைத்தான் ஒதுக்குவார்கள், சோடா குடிப்பவரை அல்ல. முதல் ஒரு மணி நேரம் இருந்து எல்லாரிடமும் பேசிவிட்டுக் கிளம்பலாம். உருப்படியான பேச்செல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கிறது.

கூட்டத்தில் திடீரென்று என்னைப் பார்த்து ஒரு எண்ணைக் கேட்டார்கள். தெரியவில்லை. 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாமா?

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெறும் 'தெரியாது' பாதி விடைதான். அதோடு என்ன தெரியும், மீதி எப்போது தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'தெற்கு மண்டலத்தின் எண் என்னிடம் இருக்கிறது, அகில இந்திய எண்ணை இன்னும் சரிபார்க்கவில்லை, மாலை ஐந்து மணிக்குள் அனுப்புகிறேன்.' இப்படிச் சொல்பவர் மேல் மதிப்பு ஏறுவதைத்தான் பார்த்திருக்கிறேன். சொன்னபடி ஐந்து மணிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'சுமாராகப் பன்னிரண்டு சதவீதம் இருக்கும்' என்று குத்துமதிப்பாக அடித்துவிடுவது ஏன் ஆபத்து என்றால், அந்தப் பன்னிரண்டு அங்கேயே நிற்காது. ஒருவர் குறித்துக்கொள்வார், அது மின்னஞ்சலில் ஏறும், அடுத்த வாரம் நிதித் துறைத் தலைவர் உங்கள் பெயரைச் சொல்லியே அதை மேற்கோள் காட்டுவார். மதிப்பீடு கேட்டால் மதிப்பீடு கொடுக்கலாம், அதுவும் இந்தத் தொழிலில் ஒரு திறமைதான். ஆனால் 'இது என் மதிப்பீடு, இந்த இரண்டு ஊகங்களின் மேல் நிற்கிறது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் ஐ.ஐ.எம். நான் மட்டும் மாவட்டக் கல்லூரி. ஏமாற்றி உள்ளே வந்துவிட்டதுபோல் இருக்கிறது.

இந்த உணர்வுக்கு 1978-இலேயே பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள். அவர்கள் ஆராய்ந்தது தோற்றவர்களை அல்ல, நன்றாகச் சாதித்த பெண்களை. ஆகவே உணர்வு வருவதாலேயே அது உண்மை என்று ஆகிவிடாது.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கும், பிரித்துப் பாருங்கள். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியவில்லை, எக்செலில் தடுமாறுகிறேன் என்றால் அது உணர்வு அல்ல, பாடம். இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்தால் தீரும். 'எல்லாம் தெரிந்திருந்தும் நான் இவர்களில் ஒருவன் இல்லை' என்பது மற்றொன்று. அதற்கு மருந்து, கூட இருப்பவர்களை அருகில் பார்ப்பது. ஐ.ஐ.எம். பிள்ளைகளும் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள். ஏமாற்று எது என்பதற்கு முந்தைய பதிலில் உள்ள பன்னிரண்டு சதவீதத்தைப் பாருங்கள்.

என் பார்ட்னர் பேசும் விதம் பிடித்திருக்கிறது. அவர்போலவே பேசிப் பழகுகிறேன். இது நடிப்பு ஆகாதா?

இந்தக் கேள்வியை இளம் ஆலோசகர்களிடமும் முதலீட்டு வங்கியாளர்களிடமும் நேரடியாக ஆராய்ந்தவர் ஹெர்மீனியா இபார்ரா என்ற பேராசிரியர். 1999-இல் வெளிவந்த அவருடைய ஆய்வின்படி, புதிய பதவிக்கு வருபவர்கள் பெரியவர்களைக் கவனித்து, தற்காலிகமாக ஒரு 'நானை' உடுத்திப் பார்க்கிறார்கள், தனக்குப் பொருந்துகிறதா, எதிரில் இருப்பவர் ஏற்கிறாரா என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்கிறார்கள் அல்லது கழற்றிவிடுகிறார்கள். 'நான் எப்போதும் இருந்தபடியேதான் இருப்பேன்' என்று பிடிவாதம் பிடிப்பது பல நேரம் கற்றுக்கொள்ளாமல் இருக்க ஒரு சாக்காகிவிடுகிறது என்பதையும் அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அதனால் பழகுங்கள். ஆனால் ஒருவரை மட்டும் பார்த்துப் பழகாதீர்கள். ஒருவரிடமிருந்து கேள்வி கேட்கும் விதம், இன்னொருவரிடமிருந்து கோபத்தில் மௌனமாக இருக்கும் விதம், மூன்றாமவரிடமிருந்து மின்னஞ்சலைச் சுருக்கும் விதம் என்று எடுத்துக்கொண்டால் அது உங்களுடைய கலவையாகிவிடும். ஒரே ஆளை முழுதாக நகலெடுத்தால் அவருடைய நகைச்சுவையும் சேர்ந்து வரும். அது உங்கள் வாயில் எடுபடாது.

நம் பக்கத்து ஆலை ஒன்றில் பணி. குழுவில் நான் ஒருத்திதான் தமிழ். தொழிலாளர்களோடு ஊர்த் தமிழில் பேசினால் 'தொழில்முறையாக இல்லை' என்பார்களோ?

பேசாமல் இருந்தால்தான் நஷ்டம். வீரவநல்லூர்த் தங்கை ஒருத்தி சொன்னதை இங்கே எழுதுகிறேன். ஒரு நூற்பாலை. நூல் முறுக்கும் ரிங் ஃபிரேம் இயந்திரப் பகுதியில் மதிய ஷிப்டில் மட்டும் நூல் அறுதல் அதிகம். அந்த ஷிப்டில் புதுத் தொழிலாளர்கள் அதிகம் என்பதால் 'பயிற்சிக் குறைவு' என்று ஸ்லைடு ஏறக்குறையத் தயார். காற்றின் ஈரப்பதம் குறைந்தால் பஞ்சு இழை வறண்டு நூல் அறும் என்பது குழுவுக்கும் தெரியும். ஆனால் பதிவேட்டில் ஈரப்பதம் எல்லா ஷிப்டிலும் சரியாகவே இருந்தது. அதனால் அதைத் தள்ளிவிட்டார்கள்.

இவள் போய் மேஸ்திரியிடம், 'அண்ணாச்சி, மத்தியானம் மட்டும் ஏன் இப்படி அறுகிறது?' என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை. மேற்குச் சுவரோரம் மாட்டியிருந்த, காற்றின் ஈரத்தை அளக்கும் இரட்டை வெப்பமானியின் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். ஈரக் குமிழைச் சுற்றியிருக்கும் துணித் திரி பாதி காய்ந்து, பழுப்பேறி, விறைத்துப் போயிருந்தது. கீழே சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. திரி சரியாக நனையாவிட்டால் ஈரக் குமிழும் உலர் குமிழும் அருகருகே அளவு காட்டும். காற்றில் ஈரம் நிறைய இருப்பதுபோல் பதிவாகும். ஆனி, ஆடியில் வறண்ட மேல்காற்று வீசும் மதியங்களில் உண்மையான ஈரம் எங்கோ கீழே கிடக்க, பதிவேடு மட்டும் சுகமாக இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ஈரப்பதக் கருவியின் நீர்த்தெளிப்பு முனைகளும் உப்பு அடைத்துப் போயிருந்தன. மறுநாள் திரியை மாற்றி அளந்தார்கள், ஸ்லைடு மாறியது.

இது தமிழ் தெரிந்ததால் மட்டும் கிடைத்ததல்ல. தெரியாததைத் தெரியாதவளாகவே கேட்டதால் கிடைத்தது. ஒரு எச்சரிக்கை உண்டு. 'நான் உங்க ஊர்ப் பிள்ளை' என்பதைத் தூண்டிலாகப் போடக் கூடாது. ஊர்ப் பாசத்தைக் காட்டி ரகசியம் கறந்துகொண்டு போனால் அது வாக்குப் பிசகு. இன்னொன்று, குழுவின் நிரந்தர மொழிபெயர்ப்பாளராக உங்களை மாற்றிவிடப் பார்ப்பார்கள். நேர்காணலை மொழிபெயர்ப்பவர் வேறு, நடத்துபவர் வேறு. அறிக்கையில் அந்தப் பகுதியை எழுதுவதும் நானே என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படி நம்பிச் சொன்னவர்களைப் பற்றி அறிக்கையில் எழுதலாமா? 'ஆள் குறைக்கவா வந்திருக்கிறீர்கள்' என்று கேட்டால் என்ன சொல்வது?

மேலே சொன்ன மேஸ்திரியின் பெயர் எந்த ஸ்லைடிலும் வரவில்லை. பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. ரிங் ஃபிரேம் பகுதியில் மதிய ஷிப்டுக்கு ஒரே மேஸ்திரிதான் என்றால் 'மதிய ஷிப்ட் மேஸ்திரி ஒருவர் கூறினார்' என்பதும் பெயர் சொன்னதற்குச் சமம். வெப்பமானியின் படமும் திருத்திய அளவும் இருக்கும்போது யார் சொன்னார் என்பது தேவையே இல்லை. அளந்து காட்ட முடியாத செய்தி என்றால், பேச உட்காரும் முன்பே 'நீங்கள் சொல்வதை எழுதுவேன், நீங்கள்தான் சொன்னீர்கள் என்று எழுத மாட்டேன்' என்று சொல்லுங்கள். காப்பாற்ற முடியாவிட்டால் சொல்லாதீர்கள்.

இரண்டாவது கேள்வி கடினம். ஆள் குறைப்பு உங்கள் பணியில் உண்மையிலேயே இருந்தால் 'அதெல்லாம் இல்லை' என்று சிரித்து மழுப்புவது பொய். உங்களுக்குத் தெரிந்ததை வெளியிடவும் உரிமை இல்லை. 'அந்த முடிவை எடுப்பது நிர்வாகம். அதைப் பற்றி நான் பேச முடியாது. நான் கேட்க வந்தது இந்த மூன்று விஷயங்கள்' என்று சொல்லலாம். அவர் முகம் மாறும். சிலர் பேசாமல் எழுந்து போவார்கள். போகட்டும், அது அவருடைய உரிமை.

கிளையண்ட் இடத்தில் பெரியவர் ஒருவர், 'பாளையங்கோட்டையா? எந்தத் தெரு? அப்பா பெயர் என்ன?' என்று துருவுகிறார். எதற்கென்று எனக்குத் தெரியும். பதில் சொல்ல வேண்டுமா?

எதற்கென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நம் மாவட்டங்களில் தெருப் பெயர் சாதிக்கு மாற்றுப் பெயர். 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான் என்பதையும், அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லக் கடமைப்படவில்லை. நானாக இருப்பது என்றால் கேட்டவர்களுக்கெல்லாம் என்னைத் திறந்து காட்டுவது என்று யாரும் சட்டம் போடவில்லை. 'பேருந்து நிலையம் பக்கம்தான் சார். உங்கள் விற்பனைப் பட்டியலைப் பார்த்தேன், மார்ச் மாதத்தில் ஒரு சந்தேகம்' என்று வேலைக்குத் திரும்புங்கள். இரண்டாம் முறை கேட்டால் புன்னகை மட்டும். மூன்றாம் முறை உங்கள் மேலாளருக்குத் தெரிய வேண்டும். வடக்கிலிருந்து வந்த மேலாளருக்குத் தெருக் கேள்வியின் உள்ளர்த்தம் விளங்காது, விளக்கித்தான் சொல்ல வேண்டும். பொய்யாக வேறு தெருவைச் சொல்லாதீர்கள். அது தெரியவரும் நாளில் தலைகுனிவு உங்களுக்குத்தான் என்று ஆக்கிவிடுவார்கள்.

வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் அளவுக்கு மீறி 'நட்பாக' இருக்கிறார். சிரித்துச் சமாளிப்பதுதான் தொழில்முறை என்கிறார்கள் கூட வேலை செய்கிறவர்கள்.

இல்லை. நடையை மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டாவது கேள்வியில் சொன்னது இதற்குப் பொருந்தாது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. வேலையின் பொருட்டு நீங்கள் போகும் எந்த இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனம் உட்பட, அதன்படி பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

புகார் வரை போவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் தேதி, நேரம், சொன்ன சொல் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், மேலாளரிடம் சொல்லுங்கள். 'பெரிய கிளையண்ட், கொஞ்சம் அனுசரித்துப் போ' என்று மேலாளர் சொன்னால் அந்தச் சொல்லையும் எழுதி வையுங்கள்.

ரயிலில் வரும்போதும் வீட்டிலும் 'எந்தக் கம்பெனிக்கு வேலை செய்கிறாய்' என்று எல்லாரும் கேட்கிறார்கள். சித்தப்பாவிடம்கூட மறைத்தால் நான் மாறிவிட்டேன் என்கிறார்.

சித்தப்பாவின் உண்மையான கேள்வி பெரும்பாலும் இரண்டாவதாக வரும்: 'கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் புதுக் கம்பெனி வருகிறதாமே, பக்கத்தில் நிலம் வாங்கிப் போடலாமா?' நீங்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தில் சித்தப்பாவுக்கு விதிவிலக்கு இல்லை. வாடிக்கையாளர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் விஷயம் இன்னும் கடுமை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் 'செபி'யின் 2015-ஆம் ஆண்டு உள்வணிகத் தடுப்பு விதிகளின்படி, விலையைப் பாதிக்கக்கூடிய வெளிவராத தகவலைத் தேவையின்றி இன்னொருவருக்குச் சொல்வதே குற்றம். அவர் பங்கு வாங்கினாரா இல்லையா என்பது பிறகு. 'சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் சித்தப்பா' என்று நேராகச் சொல்லுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் மெச்சத்தான் செய்வார்கள், கொஞ்சம் முறைத்துவிட்டு.

ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்தபின் பகலிலேயே சென்னை போய்விடுகிறோம், வழியெல்லாம் மடிக்கணினி திறந்திருக்கிறது. நம் குரலோ பெட்டி முழுக்கக் கேட்கும் குரல். நெல்லை எக்ஸ்பிரஸாக இருந்தாலும் சரி, வந்தே பாரத்தாக இருந்தாலும் சரி, நிறுவனத்தின் பெயர் தெரியும் ஸ்லைடைத் திறக்காதீர்கள். எதிர் இருக்கையில் அந்த நிறுவனத்தின் விநியோகஸ்தரே உட்கார்ந்திருக்கலாம்.

முடிவை முதலிலேயே எழுதிவிட்டு அதற்கேற்ற எண்களைத் தேடச் சொல்கிறார்கள். இது மோசடி இல்லையா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதீர்கள். விடை இதுவாக இருக்கலாம் என்று ஒரு ஊகத்தை முதலில் எழுதி வைத்துவிட்டு, அது நிற்கிறதா என்று சோதிப்பது இந்தத் தொழிலின் வழக்கமான முறை. எல்லா எண்களையும் திரட்டி முடித்து யோசிக்கலாம் என்றால் எட்டு வாரம் போதாது. ஊகத்தை எழுதுவதில் தவறில்லை. அதற்கு எதிரான எண் கிடைத்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நூற்பாலைக் குழு 'பயிற்சிக் குறைவு' என்று எழுதியது தவறல்ல. திரியைப் பார்த்த பிறகும் அதையே வைத்திருந்தால் தவறு.

கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. வரைபடத்தின் அச்சைச் சுழியிலிருந்து தொடங்காமல் சின்ன வித்தியாசத்தை மலையாகக் காட்டுவது. பெருந்தொற்றால் விற்பனை விழுந்த 2020-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து வளர்ச்சியைக் கணக்கிடுவது. மூன்று கிளைகள் நஷ்டத்தில் இருக்க, சராசரி லாபத்தை மட்டும் போடுவது. எதை முதலில் சொல்வது, எதை அழுத்திச் சொல்வது என்பது மேலாளரின் உரிமை. இருக்கும் எண்ணை இல்லாததுபோல் செய்ய அவருக்கும் உரிமை கிடையாது.

அப்படி ஒரு எண்ணை எடுத்துவிடச் சொன்னால்? நான் சேர்ந்தே ஒரு வருடம்தான் ஆகிறது.

முதலில் தனியாகப் பேசுங்கள், கூட்டத்துக்கு முன்னால், கையில் தாளோடு. 'இந்த எண்ணை எடுத்தால் அவர்களுடைய நிதித் துறையினர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். இப்படி எழுதினால் நம் முடிவும் நிற்கும், எண்ணும் இருக்கும்' என்று மாற்று வாசகத்தையும் கொண்டுபோங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான மேலாளர்கள் இந்த இடத்தில் இறங்கி வருவார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், இரவு இரண்டு மணிக்கு ஸ்லைடு பார்ப்பவர்கள். மாற்றுக் கருத்தைச் சொல்வது உரிமை மட்டுமல்ல, கடமை என்பதை மெக்கின்சி தன் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. மற்ற நிறுவனங்களிலும் இதே பொருளில் ஏதாவது இருக்கும். உங்கள் நிறுவனத்தின் வாசகத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், மென்மையாக எடுத்துப் போட உதவும்.

எழுதி வைத்ததெல்லாம் நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதே மெக்கின்சி, அடிமையாக்கும் ஓபியாய்டு வலிமருந்துகளின் விற்பனையைப் பெருக்க மருந்து நிறுவனங்களுக்குச் சொன்ன யோசனைகளுக்காக 2021-இல் அமெரிக்க மாநிலங்களுக்கு 57 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. அந்த வகை மருந்தைத் தயாரித்த பர்டியூ ஃபார்மாவுக்குச் செய்த பணி தொடர்பாக 2024 டிசம்பரில் மேலும் 65 கோடி டாலர் தரச் சம்மதித்தது. அந்தப் பணியின் ஆவணங்களை அழித்ததற்காக முன்னாள் மூத்த பார்ட்னர் ஒருவர் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்.

பேசியும் கேட்கவில்லை என்றால் உங்கள் கணக்குத் தாளில் அந்த எண்ணை அப்படியே வைத்து, நீக்கியதற்கான குறிப்போடு மின்னஞ்சலில் மேலாளருக்கு அனுப்புங்கள். கோபமான வாசகம் வேண்டாம், 'நேற்றுப் பேசியபடி' என்று தொடங்கும் இரண்டு வரி போதும். பெரும்பாலும் அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் எண் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் பார்ட்னரிடமோ, நிறுவனத்தின் புகார் வழியிலோ கொண்டுபோகலாம். அது உறவைக் கெடுக்கும், மதிப்பீட்டிலும் தெரியலாம். அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை. கோப்பை அழிக்கச் சொன்னால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், செய்யாதீர்கள்.

இதெல்லாம் பழகிய பிறகும் இந்த வேலை எனக்கு ஒட்டவில்லை என்றால்?

மூன்றில் எது என்று பாருங்கள்: களைப்பா, குழுவா, தொழிலா. களைப்பு என்றால் ஒரு வாரம் ஊரில் தூங்கினால் தெரிந்துவிடும். குழு என்றால் அடுத்த பணியில் ஆள் மாறும். இந்தத் தொழிலில் உள்ள பெரிய வசதி அதுதான். இரண்டு மூன்று குழுக்கள் மாறியும் ஞாயிற்றுக்கிழமை மாலை வயிற்றைப் பிசைந்தால் தொழில்தான் பொருந்தவில்லை. இரண்டு மூன்று ஆண்டில் விலகுபவர்கள் இங்கே ஏராளம், யாரும் தோல்வியாக நினைப்பதில்லை, ஊரில் உள்ள சொந்தக்காரர்களைத் தவிர.

விலகுவது என்று முடிவெடுத்தால் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், சேரும்போது வாங்கிய ஊக்கத்தொகையைத் திருப்பித் தர வேண்டுமா, போட்டி நிறுவனத்தில் சேரத் தடை ஏதும் எழுதியிருக்கிறதா என்று நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள். பணிக் கோப்புகள் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள், நீங்களே இரவெல்லாம் விழித்துச் செய்த எக்செலாக இருந்தாலும்.